புலி தின்னாத ஆடு

காஞ்சிபுரம் போனால் காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தறிக்குழியில் கால் மிதித்தால் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். இப்போதெல்லாம் விரலை ஆட்டியும் சாப்பிடலாம். முசரவாக்கத்து ஜீவிதா அப்படித்தான் சாப்பிட்டாள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். வேறொன்றுமில்லை, நம் ஆடுபுலி ஆட்டம்தான். ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டித் தின்னும். ஆடுகள் கூடி நின்று புலியை அசையவிடாமல் அடைக்கும். செல்போனில், முகம் தெரியாத ஒருவரோடு ஆடலாம். ஒரு காய் நகர்த்தப் பன்னிரண்டு மணி நேரம் அவகாசம். காலையில் ஓர் ஆட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து புலி என்ன செய்தது என்று பார்க்கிறவர்களுக்கான ஆட்டம். அவசரக் குடுக்கைகள் இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள்.

அதில் ஜீவிதாவின் வேலை ஏணி. யார் எத்தனையாவது படியில் நிற்கிறார், யாரை யாரோடு மோதவிடுவது என்று முடிவு செய்கிற கணக்கை அவள்தான் எழுதினாள். எல்லோரும் ஆயிரத்தில் தொடங்குவார்கள். தன்னைவிடப் பெரிய ஆளை ஜெயித்தால் எண் குபீரென்று ஏறும். சின்ன ஆளை ஜெயித்தால் 'பெரிய சாதனைதான் போ' என்று ஏணி ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எண்ணும் உண்டு. அதற்கு ஜீவிதா ஐயம் என்று பெயர் வைத்திருந்தாள். இந்த ஆளைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவு அது. புது ஆளுக்கு ஐயம் அதிகம். ஆட ஆட, ஆள் இன்னாரென்று புரியப் புரிய, ஐயம் குறையும். எண்ணும் ஐயமும் ஒன்றுக்கொன்று நெருங்கிய இருவரைத்தான் ஏணி ஜோடி சேர்க்கும். ஆட்டம் முடிகிறவரைக்கும் எதிராளியின் பெயரைக் காட்டாது.

இந்தப் பெயர் காட்டாத விஷயத்தில் ஜீவிதா ஒரே பிடிவாதம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது அவள் கேரம் ஆடி மாவட்ட அணிக்குத் தேர்வானாள். சிவப்புக் காயையும் சேர்த்துப் போட்டு, மூன்று பெண்களை வரிசையாகத் தோற்கடித்தாள். பெயர் எழுதும் மேசையில் ஒருவர் அப்பா பேரைக் கேட்டார். தனசேகரன் என்றாள். அம்மா பேரைக் கேட்டார். மேரி என்றாள். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். அதையும் சொன்னாள். மறுநாள் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளிடம் தோற்ற பெண்ணின் பெயர் இருந்தது. அன்றைக்கு வந்த கோபம் பதினான்கு வருஷமாகியும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அவள் ஏணிக்குப் பெயர் தெரியாது, தெரு தெரியாது, அப்பா யாரென்று தெரியாது. ஆட்டம் மட்டும்தான் தெரியும். ஒருமுறைகூடக் கையை நுழைத்து யாரையும் ஏற்றியதில்லை, இறக்கியதில்லை. கம்பெனி முதலாளி அருளின் மச்சான் பன்னிரண்டாயிரத்து இருபதாவது படியில்தான் கிடந்தார். மச்சான் மட்டும் என்ன, ஆடத் தெரியாவிட்டால் கிடக்க வேண்டியதுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீவிதாவுக்குக் கண் சொருகும். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நடுங்கிக்கொண்டு, ஏகாம்பரநாதர் கோபுரம் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் நிலைகளில் சுதைப் பொம்மைகள் இருந்த இடத்தில் தன் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். பதினான்காயிரம் பேர், மடியில் ஆளுக்கொரு செல்போன். யாராவது ஜெயித்தால் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு ஒரு படி மேலே போய் உட்காருவார். தோற்றவர் முனகிக்கொண்டே கீழே நகர்ந்து இடம்விடுவார். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. எல்லோரும் அவரவர் இடத்தில். அந்தக் காட்சி வரும்போது அவளுக்கு மனசு குளிர்ந்துபோகும். கோபுர உச்சியில் மட்டும் ஆளே தெரியாது. அங்கே வெறும் ஒளிதான் ஆடிக்கொண்டிருக்கும். விழித்ததும் அவளே சிரித்துக்கொள்வாள், ஏனென்றால் அந்த உச்சிப் படியில்தான் அப்போது ஒரு தொல்லை உட்கார்ந்திருந்தது.

அந்த அக்கவுண்டின் பெயர் 'கோர்வை'. ஏழு மாதமாக முதலிடம். முந்நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியும் ஐயம் குறையவே இல்லை. சில நாள் மகா கெட்டிக்காரன், சில நாள் வேறொரு மாதிரி கெட்டிக்காரன். ஏணி அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து, புரியவில்லையே புரியவில்லையே என்று விழித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இரண்டாம் இடத்தில் இருந்த ஜோதிகா குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். திருப்புட்குழியில் டெய்லரிங் கடை வைத்திருக்கிற பெண்.

"மேடம், நான் அழுது பொலம்பறேன்னு நெனைக்காதீங்க. தோத்தா தோத்ததுதான். ஆனா அந்தக் கோர்வை ஒரு ஆளே இல்ல. ரெண்டு மூளை சேந்து ஒரு மூளையோட ஆடினா அது நியாயமா? உங்க ரூல்ல ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்டுன்னு எழுதிக்கிறீங்க இல்ல? ஞாயித்துக்கிழமை சீசன் முடியறதுக்குள்ள பாருங்க."

கேட்டது புதன்கிழமை. ஜீவிதா அந்த முந்நூறு ஆட்டத்தையும் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் விடை கிடைத்துவிட்டது. கோர்வை இரண்டு போனிலிருந்து ஆடியது. ஒன்று பிள்ளையார்பாளையத்தில், இன்னொன்று வாலாஜாபாத்தில். அதுகூடப் பரவாயில்லை, சில ஏமாற்றுக்காரர்கள் அப்படிச் செய்வார்கள். ஆனால் இது ஏமாற்றுக்காரர்கள் ஆடுகிற விதமாக இல்லை. பலகையின் வலப் பக்கத்துக் காய்களை எல்லாம் பிள்ளையார்பாளையம் நகர்த்தியது. இடப் பக்கத்துக் காய்களை எல்லாம் வாலாஜாபாத் நகர்த்தியது. ஒரே ஆட்டத்தில், ஒருவர் மாற்றி ஒருவர். வலப்பக்கக் கை இடப்பக்கக் காயை ஒருமுறைகூடத் தொடவில்லை. இடப்பக்கக் கையும் அப்படியே. இருவரும் பேசிவைத்துக்கொண்ட தடயம் எங்குமே இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்து ஆடுகளும் நடுவில் வந்து சரியாகச் சேர்ந்தன.

அருள் எட்டிப் பார்த்தார். "இன்னா ஜீவிதா, சிக்கிக்கினானா?"

"ரெண்டு பேரு சார்."

"அப்புறம் இன்னா? தூக்கு. ஏமாத்துக்காரங்க லிஸ்ட்ல பேரப் போடு, ஊரு பார்க்கட்டும்."

"நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன் சார்."

"ஏணிக்கு ஆள் தெரியாது, பேர் தெரியாதுன்னு நீதானமா லெக்சர் அடிப்ப?" என்று அருள் சிரித்தார். ஜீவிதாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் நுழைந்தாலே காதில் தறிச் சத்தம் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு டக் டக் டக் டக். கொஞ்ச தூரம் போனால் அது சத்தமாகவே தோன்றாது, தெருவே மூச்சுவிடுவதுபோல் இருக்கும். சாயம் போட்ட பட்டு நூல் மூங்கிலில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. சாக்கடையில் அரக்குச் சிவப்பு ஓடியது. ஜீவிதா கனவில் நடக்கிறவள்போல வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். இங்கே ஒரு புலி குறுக்கே வந்து, 'யாரு ஊட்டுக்குமா?' என்று கேட்டிருந்தாலும் அவள் வழி கேட்டிருப்பாள்.

வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. அக்கவுண்டில் இருந்த பெயர் மயில்வாகனம். நாற்பது வயதை நெருங்குகிறவர். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், சின்னப் பலகையில் அவர் மனைவி அலமு. இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், கரைக்கு, குறுக்கே நூலைக் கொண்டு போகிற நாடா தனியாக ஓட வேண்டும். அதற்கு ஓர் ஆளின் கை போதாது. நெய்கிறவர் ஒருவர், இடப்பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொருவர். இரண்டும் பிரியாமல் கோத்துக்கொள்வதைத்தான் கோர்வை என்பார்கள். இருவருக்கும் கை ஒத்துப்போகவில்லை என்றால் கரை உடலை விட்டுப் பிரிந்துவிடும். ஜீவிதா வாசலிலேயே நின்றாள். வலது கை ஒருவர், இடது கை ஒருவர். முந்நூறு ஆட்டமும் அவள் கண் முன்னால் தறியில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த அறைக்கு நடுவே ஒரு சுவர் இருந்தது. பூச்சுப் பூசாத புதுச் செங்கல் சுவர், உத்தரத்தையே இரண்டாக வெட்டிக்கொண்டு போயிற்று.

ஜீவிதா தான் யாரென்று சொன்னாள். மயில்வாகனம் எழுந்து உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம ஆட்டத்த நடத்தறவங்களா? நல்லா பண்ணிக்கிறீங்கமா. மொதல் எடத்துல நாமதான், பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். நீங்க ஒருத்தர்தான் ஆடறீங்களா?"

"பின்ன?"

"வாலாஜாபாத்துலேர்ந்து யாரோ ஆடறாங்க. இடது பக்கம் ஃபுல்லா அவங்கதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தறியில் விரிந்திருந்த பாவு நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு அங்க யாரும் கெடையாது."

"அண்ணன் தம்பி யாராவது..."

"எனக்குத் தம்பியே கெடையாதும்மா," என்றார். குழிக்குள் காலை இறக்கி மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

அலமு வாசல்வரை வந்தாள், வழியனுப்புகிறவள்போல. ஸ்கூட்டி பக்கத்தில் வந்ததும் குரலை இறக்கிப் பொரிந்து தள்ளினாள். "தம்பியே இல்லையாமே! இவரு தோள்ல தூக்கி வளத்ததுதான் மாணிக்கவேலு. பன்னெண்டு வயசுலேர்ந்து இவருக்கு எடங்கைப் பக்கம் அதுதான். மூணு வருசத்துக்கு முன்ன பாகம் பிரிச்சாங்க. பெரியவங்க நடுவுல ஒரு வார்த்த இவரு சொல்ல, ஒரு வார்த்த அது சொல்ல, முடிஞ்சிபோச்சி. அது கார் கம்பெனிக்கு வேலைக்குப் பூட்டுது. இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. செவுரு எடுத்தாங்க. கரண்டு மீட்டரப் பிரிச்சாங்க. ரேசன் கார்டப் பிரிச்சாங்க. இந்த ஆட்டத்தோட பாஸ்வேர்ட மட்டும் ரெண்டு பேரும் மாத்தல பாரு. பிரிக்கறதுக்கு மின்ன ஒண்ணா ஆரம்பிச்சது. காலைல எழுந்ததும் போனத்தான் பாப்பாரு. அது காய் வெச்சிருந்தா நல்லா சாப்புடுவாரு. வெக்கலன்னா அன்னிக்கு ஊட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது."

"அவங்களுக்குத் தெரியுமா, ஒருத்தர் ஆடறது இன்னொருத்தருக்கு?"

"தெரியாமயா? கேட்டா தெரியாதும்பாங்க. இத நீ நிறுத்திடாதம்மா. இதுவும் பூட்டா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

ஜீவிதா திரும்பி வரும் வழியெல்லாம் தறிச் சத்தம் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை, அக்கவுண்டில் பதிந்திருந்த இரண்டாவது எண்ணுக்கு போன் செய்தாள். ஆலையின் சாப்பாட்டு நேரம், பின்னால் தட்டுச் சத்தம். அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு, மாணிக்கவேலின் பதில் அண்ணன் சொன்னதற்கு அச்சடித்த நகல்.

"அண்ணனா? எந்த அண்ணன்? நான் தனியாத்தான் ஆடறேன் மேடம்."

"வலது பக்கம் வேற யாரோ ஆடறாங்களே."

"எனக்குத் தெரியாது." வைத்துவிடப்போகிறான் என்று அவள் நினைத்தபோது மெதுவாகக் கேட்டான். "ஆனா மேடம்... நேத்துலேர்ந்து வலப்பக்கம் ரொம்ப லேட்டாவுது. அஞ்சு நிமிசத்துல வெக்கறவரு, அஞ்சு மணி நேரம் எடுத்துக்கறாரு. உடம்பு கிடம்பு சரியில்லையா? நீங்க பாத்தீங்களா?"

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள் ஜீவிதா.

இனி அவள் பாடுதான் திண்டாட்டம். ஜோதிகா சொன்னது நியாயம், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரோடு மோதுவது கூடாது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், எதிரில் தனியாக வந்தவள் என்ன பாவம் செய்தாள்? அந்த அக்கவுண்டை விட்டுவைத்தால், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஏறிவந்த ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதாகும். யாருக்கு அது தெரியாவிட்டாலும் ஜீவிதாவுக்குத் தெரியும். அதே சமயம் அக்கவுண்டை மூடினால், ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் திறந்திருக்கும் ஒரே ஓட்டையும் அடைந்துபோகும். ஊர்ப் பெரியவர்கள் போட்டது பாதிப் பாகப்பிரிவினை, மீதியை இவள் முடித்துவைத்த மாதிரி ஆகும். அந்தப் புதுச் சுவருக்கு மேலே இவளும் ஒரு வரிசைச் செங்கல் வைக்க வேண்டுமா?

அன்று மத்தியானம் கண் சொருகியபோது கோபுர உச்சியில் ஆள் தெரிந்தது. ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் உட்காரத்தான் அங்கே இடம். ஆளுக்குப் பாதி உட்கார்ந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் வடக்கே பார்த்துக்கொண்டும் மற்றவர் தெற்கே பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். கீழ்ப்படியில் ஜோதிகா கழுத்தில் அளவு நாடாவோடு பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். காற்றில் நூல் பறந்தது. இறங்குங்கள் என்று ஜீவிதா கூப்பிட்டாள். இறங்கினால் எங்கே போவது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவள் விழித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

நியாயம் என்றால் எல்லோருக்கும்தான் என்று முடிவுக்கு வந்தாள். கோர்வையை ஏணியிலிருந்து எடுத்தாள். ஏமாற்றுக்காரர் பட்டியலில் போடவில்லை. அருள் முறைத்தார், இவளும் பதிலுக்கு முறைத்தாள். அக்கவுண்டைப் பூட்டவும் இல்லை. எண் இல்லாமல், படி இல்லாமல், சும்மா ஆட நினைத்தால் ஆடிக்கொள்ளலாம். பிறகு இருவருக்கும் தனித்தனியே ஒரு செய்தி அனுப்பினாள்: 'ஓர் ஆளுக்கு ஓர் அக்கவுண்ட் என்பது எங்கள் விதி. உங்கள் பெயரில் புது அக்கவுண்ட் தயாராக இருக்கிறது. ஆயிரத்திலிருந்து தொடங்கலாம்.' பழைய எண்ணை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அசட்டு யோசனை. அந்தக் கெட்டிக்காரத்தனம் அண்ணனிடமும் இல்லை, தம்பியிடமும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. நடுவில் இருப்பதை எப்படிப் பிரிப்பது?

சனிக்கிழமை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கோர்வையில் ஒரு காய் நகரவில்லை. புது அக்கவுண்டை இருவருமே திறக்கவில்லை. ஜீவிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நூலையும் நாமேதான் அறுத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. நெசவுக்கு விடுமுறை, தெருவே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருக்கும். சீசன் கடைசி நாள் என்பதால் ஜீவிதா ஆபீசுக்குக் கிளம்பினாள். "கோயிலுக்கு வராம ஆடுபுலி ஆடப் போறியா? நல்லா இருக்குதுடி," என்று அம்மா மேரி பைபிளும் கையுமாகக் கத்திக்கொண்டே இருந்தாள்.

ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு புது அக்கவுண்ட் திறந்திருந்தது. ஆறு மணி மூன்று நிமிஷத்துக்கு வாலாஜாபாத்தில் ஒன்று. சேர்ந்து நெய்த காலத்தில் இருவரும் தறியில் உட்காருகிற நேரம் அதுதான் என்று அலமு பிற்பாடு சொன்னாள். இருவருக்கும் ஒரே எண், ஆயிரம். இருவருக்கும் ஒரே ஐயம். ஏணிக்கு அண்ணன் தெரியுமா, தம்பி தெரியுமா? பதினான்காயிரம் பேரில் இவருக்கு மிக நெருங்கியவர் இவர்தான் என்று கணக்குப் போட்டு, பெயர் காட்டாமல் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டது. அண்ணனுக்குப் புலி, தம்பிக்கு ஆடு.

ஜீவிதாவின் கை சத்தியமாக அதில் படவில்லை. பட்டிருக்கலாமோ என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

முதல் ஆடு இடது ஓரத்தில் இறங்கியது. புலி நகர்ந்தது. இரண்டாவது ஆடும் இடது ஓரம். மூன்றாவதும் இடது ஓரம்தான், அதே மூலை, முந்நூறு ஆட்டத்தில் தம்பியின் கை வைத்துப் பழகிய அதே வரிசை. புலிகள் நின்றுவிட்டன. பதினோரு நிமிஷம் அசைவே இல்லை. ஜீவிதா மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு புலி மெதுவாக வலது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தது. வலது ஓரம் யாருடைய இடம் என்று ஆடு வைத்தவனுக்குத் தெரியாதா என்ன?

நான்காவது ஆடு நேராக வந்து புலியின் வாய்க்கு முன்னால் நின்றது. பின்னால் இடம் காலி. ஒரே தாவலில் தின்றுவிடலாம். புலி தின்னவில்லை, திரும்பி உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவது ஆடு அடுத்த புலியின் வாய்க்கு முன்னால் வந்தது. அதுவும் தின்னவில்லை. ஆறாவது, ஏழாவது. ஆடுகள் வரிசை கட்டிக்கொண்டு சாக வந்தன. மூன்று புலிகளும் ஒன்றையும் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி, மூலையில் போய்த் தாமாகவே முடங்கிக்கொண்டன. என்னைத் தின்னு என்கிறது ஆடு. என்னை அடை என்கிறது புலி. ஏணி ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

அருள் காப்பி டம்ளரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாபா இது, புலிக்கு அமாவாசை விரதமா?"

பாகம் பிரித்த அன்றைக்கு ஒரு சாண் இடத்தைக்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள், இன்றைக்கு நீ ஜெயி நீ ஜெயி என்று மல்லுக்கு நின்றார்கள். ஆனால் ஏணிக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேண்டுமென்றே தோற்கிறார் என்று அர்த்தம். அவள் எழுதிய விதிகளிலேயே பெரிய குற்றம் அதுதான். தெரிந்தே தோற்கிறவன், ஜெயிக்கிறவனை அவனுக்கு உரிமையில்லாத படியில் ஏற்றிவிடுகிறான் என்று அவளே எழுதியிருந்தாள்.

ஒன்பது மணி சுமாருக்குப் புகார் பெட்டியில் மணி அடித்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு புகார். புகார்ப் படிவத்தில் முதல் கட்டம், 'யார் மீது?' எதிராளியின் பெயர் தெரியாது என்பதால் எல்லோரும் அதில் 'எதிராளி' என்று எழுதுவார்கள், அல்லது காலியாக விட்டுவிடுவார்கள். ஏணி ஒருவருக்கும் பெயர் சொன்னதில்லை. மயில்வாகனம் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார்.

'யார் மீது: என் தம்பி மாணிக்கவேல் மீது.

காரணம்: வேணும்னே எனக்கு ஆட்டக் குடுக்கறான். சின்ன வயசுலேர்ந்து இவனுக்கு இதே வேலை. எனக்கு ஒருத்தரும் உட்டுக்குடுக்க வாணாம். அவனுக்கு நல்லா ஆடத் தெரியும், ஒயுங்கா ஆடச் சொல்லிக் கண்டிக்கவும்.'

ஜீவிதா முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்குத் தம்பியே கிடையாது என்று சொன்ன அதே மனிதர். கண்ணில் நீர் முட்டி எழுத்தெல்லாம் கலங்கியது. துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் இன்னொரு மணி. வாலாஜாபாத்.

'யார் மீது: எங்கண்ணன்.

காரணம்: மூணு புலியும் காலைலேர்ந்து பட்டினி. திங்கவே மாட்டேங்கறாரு. கேட்டு சொல்லவும்.'

"ரெண்டு பேரும் ரூல உடைச்சிட்டாங்க, இன்னா பண்ணப்போற?" என்றார் அருள்.

"ரூல் ரூல்தான் சார்," என்றாள் ஜீவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஆட்டம் செல்லாது. இருவருக்கும் ஆளுக்கு ஐம்பது புள்ளி வெட்டு. ஆயிரத்தில் இருந்த இருவரும் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு இறங்கி, அங்கேயும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தண்டனைக் கடிதத்தோடு புகாரின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அனுப்பினாள். அண்ணன் எழுதியது தம்பிக்குப் போயிற்று, தம்பி எழுதியது அண்ணனுக்குப் போயிற்று. வாழ்க்கையில் ஒரு தண்டனையை இவ்வளவு சந்தோஷமாக யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு அலமுவிடமிருந்து போன் வந்தது. மூச்சிரைத்தது அவளுக்கு.

"வந்துட்டுதும்மா! பைக்க எடுத்துக்கினு நேரா வந்து வாசல்ல நிக்குது. உள்ளயும் வரல, போவவும் இல்ல. இவரு எழுந்து ஓடினாரு. கட்டிப் புடிச்சிக்குவாங்கன்னு பாத்தா, ரெண்டும் நடுத்தெருவுல நின்னு சண்ட போட்டுக்கினு இருக்குது! மூணு வருசம் ஆச்சிமா இவங்க சண்ட போட்டு. நீயே கேளு."

அவள் போனை வாசல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். தறிச் சத்தம் இல்லாத தெருவில் இரண்டு குரல்கள், இரண்டும் ஒரே அச்சு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"ஏன்டா வாய்க்கு நேரா வெச்ச? நாலாவது ஆட்ட ஏன்டா அங்க வெச்ச?"

"நீ ஏன் திங்கல? நீ திங்கறதுக்குத்தான் வெச்சேன்!"

"நீ வெச்சா நான் திங்கணுமா?"

"தின்னா இன்னா? அண்ணன்தான நீ?"

நாய் ஒன்று குரைத்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு மயில்வாகனத்தின் குரல், உடைந்துபோய், ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

"சாப்ட்டியாடா?"

ஜீவிதா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.